வயலின் முந்துகிறது

குற்றாலத்தில் சாரல் காலக் கச்சேரி ஒன்று முடிந்த மறுநாள் காலை எல்லோருமாக ஐந்தருவிக்குப் போனோம். பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். எங்களோடு வந்த அக்காவும் வரிசையில் நின்றார். பின்னால் வந்தவர்களிடம் எல்லாம், "நீங்க போங்க, பிள்ளைய வச்சிருக்கீய", "நீங்க போங்கம்மா, உங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாவும்லா" என்று சொல்லிச் சொல்லி வழிவிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது சேலையின் ஓரம் மட்டும் சாரலில் நனைந்திருந்தது. "குளிச்சீங்களா அக்கா?" என்று கேட்டேன். "எல்லாரும் நல்லா குளிச்சாவ" என்றார். நான் கேட்டது அதை இல்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அவர் வயலின் வாசித்தவர். பக்கவாத்தியம் மட்டும்தான். தனிக் கச்சேரி ஒன்றுகூடச் செய்ததில்லை. கேட்டவர்களிடம் "எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்று முடித்துவிடுவார். கடையத்தில் தபால் ஆபீசில் வேலை பார்த்தார். கவுண்டரை மூடிவிட்டு, வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறித் தென்காசிக்கு வருவார். மழை என்றால் குடை பெட்டிக்குத்தான், அவருக்கு இல்லை. சாரல் காலத்தில் ஈரத்துக்கு, தந்தியை முறுக்கிப் பிடிக்கும் பிருடை நிற்காமல் நழுவும் என்று கைப்பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு கிடக்கும்.

பேச்சிலும் அவர் முதலில் தொடங்கியதாக எனக்கு நினைவில்லை. நாம் சொல்லும் வாக்கியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். "நாளைக்குப் பதினோரு மணிக்கு வச்சுக்கிடுவமா அக்கா?" என்றால், "பதினோரு மணிக்கு... வச்சுக்கிடுவம்" என்பார். வாழ்நாள் முழுக்க மற்றவர் பாடியதைத் திருப்பி வாசித்த பழக்கம். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு, இந்த உலகத்தில் நான் பேசியதை முழுசாகக் கேட்கிற ஒரே ஆள் இவர்தான் என்று புரிந்தது.

அப்படிப்பட்டவருடைய பேர் கடைசி இரண்டு மூன்று வருடங்களில் கெட்டுப்போனது. "அக்கா வயலின் முந்துது" என்று எங்கள் வட்டாரம் முழுக்கப் பேசினார்கள். சங்கீதம் தெரியாதவர்களுக்கு இது ஒரு குற்றமாகவே படாது. ஆனால் பாடுகிறவர் வரியை எடுத்த பிறகுதான் வயலின் அதைத் தொட வேண்டும். வயலின் முதலில் போய் நின்றால் பாடகரை முழங்கையால் இடித்துத் தள்ளியதற்குச் சமம். அந்தப் பேச்சில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் தென்காசியில் தெற்கு மாசி வீதியில், மிக்ஸி ரிப்பேர் கடை ஒன்றின் மாடியில் சின்னதாக ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிறேன். கோயில் கொடைக்கு அறிவிப்பு, ஜவுளிக்கடை விளம்பரம், பக்திப்பாட்டு என்று எது வந்தாலும் செய்வேன். வயிற்றுப்பாட்டுக்கு அது. ஆசைக்கு, சங்கீதக்காரர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லி, அதைப் பதிவு செய்து இணையத்தில் போடுவேன். எந்த ஊரில் வாசித்தோம், யார் பொன்னாடை போர்த்தினார்கள், அடுத்த ரெக்கார்டு எப்போது என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். குறை சொல்லவில்லை. நாற்பது வருடம் தொண்டையைத் தேய்த்தவர்கள், ஒரு மணி நேரம் தன்னைப் பற்றிப் பேசினால் என்ன. ஆனால் ஒவ்வொருவர் பேச்சையும் வெட்டி ஒட்டும்போது 'நான்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போகும்.

அவரையும் ஒருமுறை உட்காரவைத்தேன். "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க அக்கா" என்றேன். அவர் ஒரு பாடகரைப் பற்றிச் சொன்னார்: "அந்த அண்ணாச்சிக்கு மேல போறதுக்கு முன்னாடி இடது தோள் லேசாத் தூக்கும். தூக்கிட்டுன்னா நான் வில்லைக் குறைச்சிருவேன். அங்கன அவுக தனியாப் போயி நிக்கணும்லா." இன்னொருவருக்கு மூச்சு எங்கே முட்டும், இன்னொருவர் எந்தத் தாளத்தில் பயப்படுவார் என்று, ஒன்றரை மணி நேரமும் மற்றவர்கள் கதைதான். கடைசியாக, "நீங்க வாசிச்சதுல உங்களுக்கே பிடிச்ச கச்சேரி எது?" என்று விடாமல் கேட்டேன்.

"எனக்கே பிடிச்சதா..." என்று இழுத்தார். "முடிஞ்சு வெளிய போறவுக, பாட்டு நல்லா இருந்துன்னு மட்டும் சொல்லிட்டுப் போவாவ பாருங்க. அந்த மாதிரிக் கச்சேரி எல்லாம்."

அவர் அதிகமாக வாசித்தது எங்கள் டீச்சருக்குத்தான். அச்சன்புதூர்க்காரர். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். என் வகுப்புக்கும் வந்திருக்கிறார், என்னைப் பார்த்து "உனக்குத் தொண்டை இல்லலே, காது இருக்கு" என்று தீர்ப்பும் சொல்லியிருக்கிறார். கணீரென்ற குரல், அதே அளவுக்குக் கோபம். மேடையில் டீச்சர் முன்னால் நோட்டுப் புத்தகம் எதுவும் இருக்காது. "பாட்டைப் பாத்துப் பாடுததும் பரிச்சையில காப்பி அடிக்கதும் ஒண்ணுதான்" என்பார். டீச்சருக்கு இடப்பக்கம், ஒரு முழம் பின்தள்ளி அக்கா உட்காருவார். இருபத்தைந்து வருடம் அப்படியே உட்கார்ந்தார்கள். டீச்சர் இவரை "ஏட்டி" என்பார், இவர் "டீச்சர்" என்பார். அதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சு அதிகம் கிடையாது.

முந்துகிறது என்று முதலில் என்னிடம் சொன்னது சங்கரன். டீச்சருக்கு மிருதங்கம் வாசிக்கிறவன். ஒரு நாள் மாடிக்கு வந்து, "அண்ணே, அக்காவுக்கு வயசாயிட்டு. வரி எடுக்க எடத்துல எல்லாம் முந்திப் போறாவ. டீச்சரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்காவ. எனக்கு உக்கார முடியல" என்றான். அவனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, காதில் பட்டதைச் சொன்னான். கொஞ்ச நாளில் இது செங்கோட்டை வரைக்கும் போய்விட்டது. வருடாவருடம் அவரைக் கூப்பிட்ட இடங்களில் வேறு ஆளைப் போட்டார்கள். டீச்சர் கச்சேரியைத் தவிர வேறு எங்கேயும் அவர் முந்தவில்லை. அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. காது இருக்கிறது என்று பேர் வாங்கிய நானும் பார்க்கவில்லை.

டீச்சருடைய குரல் அதுவரை ஒரு ரெக்கார்டிலும் வந்ததில்லை. எழுபதாவது வயதில் ஒன்று கொண்டுவரலாம் என்று டீச்சரின் மகள் ஆசைப்பட்டார். என் கூடத்திலேயே பதிவு. டீச்சருக்கு ஒரு அறை, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று. இடையில் கண்ணாடி. ஒருவர் சத்தம் மற்றவருக்கு ஹெட்போனில் போகும். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிவாவதால் பிறகு திருத்திக்கொள்ளலாம். வழக்கமாக அக்கா, "என் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வை தம்பி, பாடுறவுகளுக்கு இடைஞ்சலா இருக்கும்" என்பார். அன்றைக்கு என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாக, "டீச்சர் காதுல என் வயலினை நல்லாக் கூட்டி வையி" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. பேர் கெட்டுப்போகிற நேரத்தில் இவருக்கும் ஆசை வந்துவிட்டதே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது எழுதக் கை கூசுகிறது.

ஆறு பாட்டு. டீச்சர் ஒவ்வொன்றையும் ஒரே மூச்சில் பாடினார். அவர்கள் போன பிறகு போட்டுக் கேட்டால், சங்கரன் சொன்னது சரிதான். வரி தொடங்கும் இடத்தில் எல்லாம் வயலின் ஒரு இமைப்பொழுது முன்னால் போய் நின்றது. அவருக்கு நல்லது செய்கிறேன் என்று, நாலு நாள் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் வயலினை மட்டும் பிடித்து ஒவ்வொரு வரியிலும் பாட்டுக்குப் பின்னால் நகர்த்தினேன். அவ்வளவு சுத்தமாக அமைந்தது. பழைய அக்காவைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவரை மட்டும் வரச்சொல்லிப் போட்டுக்காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நல்லாருக்கு தம்பி. இப்படியே வெளிய வரட்டும்" என்றார். பிறகு, "முதல்ல எடுத்தது இருக்குல்லா, அதை அழிச்சிருதியா?" என்று கேட்டார்.

"அது பாட்டுக்குக் கிடக்கட்டும்கா. ஒண்ணும் எடம் அடைக்காது."

"எடம் அடைக்காது... இருந்தாலும் அழிச்சிரு."

எதையும் இரண்டு தடவை கேட்கிறவர் இல்லை அவர். அவர் பஸ் ஏறிய பிறகு, அழிப்பதற்கு முன்னால் ஒருமுறை கேட்போம் என்று டீச்சரின் குரல் மட்டும் பதிவானதைத் தனியாகப் போட்டேன். ராக ஆலாபனையில் குறை இல்லை. சுரம் பாடும்போது குறை இல்லை. வார்த்தையோடு பாடும் சாகித்யத்துக்கு வந்ததும், ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் டீச்சர் மூச்சை இழுக்கிறார். அதன் பிறகு ஒன்றும் இல்லை. அந்த வெறுமையில், அவர் மாட்டியிருந்த ஹெட்போனிலிருந்து கசிந்து மைக்கில் விழுந்த வயலின் சன்னமாகக் கேட்கிறது. இரண்டு சுரம், சில இடத்தில் மூன்று. அதைக் கேட்ட பிறகுதான் டீச்சருக்கு வார்த்தை வருகிறது. ஆறு பாட்டிலும் அப்படித்தான். வயலினால் வார்த்தையைச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வார்த்தை உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தொட்டுக்காட்ட முடியும். அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

மறுநாள் கடையத்துக்குப் போனேன். வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்.

"எத்தனை நாளா அக்கா?"

"எத்தனை நாளா... ரெண்டு வருசம் தாண்டிட்டு. ஒரு கச்சேரியில சரணத்துல அப்படியே நின்னுட்டாவ. நான் எடுத்தேன், புடிச்சிக்கிட்டாவ. மகளுக்குத் தெரியும். திருநெல்வேலியில டாக்டர்ட்ட காட்டுதாவ. மறதி கூடத்தான் செய்யும்னுட்டாரு. நோட்டைப் பாத்துப் பாடச் சொல்லிப் பாத்தோம். எந்த வரியில இருக்கோம்னு அதுலயும் தவறிப்போவுது."

"டீச்சருக்குத் தெரியுமா, நீங்க எடுத்துக் குடுக்கது?"

"தெரியுமா... தெரியலியே தம்பி. நான் கேட்டதில்ல. கேட்டா அன்னைக்கோட நிறுத்திருவாவ. வீட்டுல இருக்கும்போது கேசை அணைச்சமா, கதவைப் பூட்டுனமான்னு ஒரே பயம். மேடையில உக்காந்தா அந்தப் பயம் இல்ல. பழைய டீச்சரா இருக்காவ. ரெண்டரை மணி நேரம். அதை எதுக்கு நாம புடுங்கணும்?"

"உங்க பேரு நாறுதே அக்கா" என்றேன். கோபத்தில் அப்படித்தான் வந்தது.

அவர் சிரிக்கவில்லை. தியாகி மாதிரி முகத்தையும் வைத்துக்கொள்ளவில்லை. "எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு" என்றார். "சங்கரன் தாளத்தை ஓங்கித் தட்டும்போதெல்லாம் சுள்ளுன்னு இருக்கும். இத்தனை வருசமா முந்தாம வாசிச்சது தெரியாமலா முந்துதேன்? ஆனா டீச்சர் பாட்டு ஒரு ரெக்கார்டா வந்துரணும். யார்ட்டயும் சொல்லாத. பழசை அழிச்சிரு. காது உள்ளவன் எவனாவது கேட்டா, உன்னைய மாதிரியே கண்டுபிடிச்சிருவான்."

யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, அன்றைக்கே அழித்தேன். மாற்றுப் பிரதி ஒன்று தனியாக வைத்திருந்தேன், அதையும் சேர்த்து அழித்தேன்.

ரெக்கார்டு வெளிவரும் சமயத்தில் அதற்கு ஒரு பேச்சுப் பதிவு வேண்டும் என்று மகள் கேட்டார். இருவரையும் உட்காரவைத்தேன், வழக்கம்போல அக்கா ஒரு முழம் பின்தள்ளி. டீச்சருக்கு அன்று நல்ல நாள். பள்ளிக்கூடக் கதை, முதல் கச்சேரியில் மழை வந்து பந்தல் ஒழுகிய கதை என்று கோர்வையாகச் சொன்னார். "இத்தனை வருசமா ஒரே வயலின். அதைப் பத்திச் சொல்லுங்க டீச்சர்" என்றேன். கேட்டிருக்கவே கூடாது.

"நல்லாத்தான் வாசிப்பா" என்றார் டீச்சர். "இப்பக் கொஞ்ச நாளா முந்துதா. வயசாயிட்டுல்லா. நான்தான் சமாளிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

கேமராவை நிறுத்தப் போனேன். அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார். பிறகு கேமராவைப் பார்த்து, "ஆமா, டீச்சர்தான் கூட்டிட்டுப் போறாவ" என்றார்.

எல்லாம் முடிந்து, வயலின் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது, "அந்த இடத்தை வெட்டிராத தம்பி. டீச்சர் வாயாலயே வந்துட்டா பிறகு யாரும் யோசிக்க மாட்டாவ" என்றார். நான் வெட்டவில்லை. ஊரே பார்த்தது. கீழே ஒருவர், 'ரெக்கார்டில் வயலின் அழகாகப் பின்தொடர்கிறது, மேடையில்தான் போய்விட்டது, பாவம்' என்று எழுதியிருந்தார். அந்த இரண்டையும் செய்தவன் நான். உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு டீச்சருக்கு இன்னும் நாலைந்து கச்சேரி. எல்லாவற்றுக்கும் அவர்தான் வாசித்தார். ஒன்றில்கூட டீச்சர் ஒரு வரியையும் விடவில்லை. பிறகு கார்த்திகை மாதம், காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்த அக்கா ஐந்தாம் நாள் இறந்துபோனார். கடையத்தில் வீட்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சங்கரன் சொன்னான்: "தங்கமான மனுசி அண்ணே. கடைசில தாளந்தான் கொஞ்சம் போயிட்டு." நான் வாயைத் திறக்கவில்லை. வாக்குக் கொடுத்திருந்தேன் என்பது ஒரு காரணம். நகர்த்தி வைத்தவன் நான் என்பது இன்னொரு காரணம்.

டீச்சர் அதோடு மேடை ஏறவில்லை. வேறு வயலின் வைத்துப் பாடச் சொல்லி இரண்டு பேர் வந்து கேட்டார்களாம். மகள் மறுத்துவிட்டார்.

போன மாதம் மகள் எனக்குப் போன் செய்தார். "அம்மாவுக்கு ரெக்கார்டைப் போட்டுக்காட்டுதேன். நீங்க ஒருநாள் வந்து பாருங்க" என்றார். அச்சன்புதூருக்குப் போனேன். டீச்சர் சன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்பு இளைத்திருந்தது. என்னை யார் என்று தெரியவில்லை, ஆனால் மரியாதையாக "வாங்க" என்றார். என்னை அவர் வாழ்க்கையில் "வாங்க" என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மகள் ரெக்கார்டைப் போட்டார். ஆலாபனை முழுக்க டீச்சர் கூடவே முனகிக்கொண்டு வந்தார். பாட்டு தொடங்கியது. அவர் மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். ரெக்கார்டில் அவருடைய குரலே முதல் வரியைப் பாடியது. அது யாரோ பாடுவதுபோல அவர் அதைக் கவனிக்கவில்லை. இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு இரும்பு பீரோ இருந்தது. அடுத்த வரிக்கும் அப்படியே மூச்சு இழுத்து, வாய் திறந்து, திரும்பிப் பார்த்தார்.

"டெய்லியும் இப்படித்தான் செய்யுதாவ" என்றார் மகள். "அக்கா நெசமா வாசிச்சது உங்கட்ட இருக்கான்னு கேக்கத்தான் வரச்சொன்னேன். அது இருந்தா அம்மா பாடிருவாவளோன்னு ஒரு எண்ணம்."

அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "அப்ப இதையாவது எழுதுங்க. இனிமே அம்மாவுக்குப் பேரு கெட ஒண்ணும் இல்ல. அக்காவுக்கு இருக்கு" என்றார்.

சரணம் வந்தது. டீச்சர் மறுபடி மூச்சை இழுத்து, காத்திருந்து, பீரோவைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. டீச்சர் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"ஏட்டி, எடு" என்றார். "நீ எடுத்தாத்தானே எனக்கு வரும்."

ரெக்கார்டில் வயலின், நான் நகர்த்தி வைத்தபடியே, பாட்டுக்குப் பின்னால் வந்தது.